கேஷ் வின்ஃபால் லாட்டரி: எண்ணை ஊகிக்காமல் ஜெயித்தவர்கள்

2004 முதல் 2012 ஜனவரி வரை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில லாட்டரித் துறை ‘கேஷ் வின்ஃபால்’ என்றொரு விளையாட்டை நடத்தியது. 46 எண்களில் 6 எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீட்டு 2 டாலர். திங்கள், வியாழன் என வாரத்துக்கு இரண்டு குலுக்கல். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) மாணவர்கள் தொடங்கிய ஒரு குழுவும், மிச்சிகனிலிருந்து கார் ஓட்டி வந்த ஓய்வுபெற்ற தம்பதியின் குழுவும், இன்னும் சிலரும் இதில் ஆண்டுக்கணக்கில் லட்சக்கணக்கான டாலர் லாபம் பார்த்தார்கள். இயந்திரத்தில் யாரும் கை வைக்கவில்லை. உள்ளிருந்து யாரும் தகவல் சொல்லவில்லை. அடுத்து என்ன எண் விழும் என்று அவர்களில் ஒருவரும் ஊகிக்கக்கூட முயலவில்லை.

சூதாட்டத்தில் வாய்ப்பு வேறு, அந்த வாய்ப்புக்குக் கொடுக்கப்படும் தொகை வேறு. பெரும்பாலானவர்கள் முதலாவதைத் துரத்துகிறார்கள், அது அசையாது. இந்தக் குழுக்கள் இரண்டாவதை மட்டும் கவனித்தன.

வாய்ப்புக் கணக்கு

46 எண்களில் 6 எண்களை எத்தனை வகையில் எடுக்கலாம்? 93,66,819. ஆறும் பொருந்துவது இதில் ஒன்றே ஒன்று. மற்றப் பரிசுகளுக்கு வழி இதுதான்: விழுந்த 6 எண்களில் எத்தனை நம் சீட்டில் இருக்க வேண்டுமோ அதற்கான வகைகளை, விழாத 40 எண்களில் மீதியை எடுக்கும் வகைகளால் பெருக்க வேண்டும்.

ஐந்து பொருந்த: 6 × 40 = 240 வகை. 39,028 சீட்டுக்கு ஒன்று.
நான்கு பொருந்த: 15 × 780 = 11,700 வகை. சுமார் 801 சீட்டுக்கு ஒன்று.
மூன்று பொருந்த: 20 × 9,880 = 1,97,600 வகை. 47.4 சீட்டுக்கு ஒன்று.
இரண்டு பொருந்த: 15 × 91,390 = 13,70,850 வகை. 6.8 சீட்டுக்கு ஒன்று.

இவை எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய ஆறு சீட்டில் ஒன்றுக்கு ‘ஏதோ ஒரு பரிசு’ உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பரிசுகளில் நூற்றுக்கு 87 இரண்டு எண் பொருந்தியதற்கான பரிசு. அதாவது இன்னொரு இலவசச் சீட்டு. எந்த லாட்டரியின் பின்பக்கத்தில் ‘மொத்த வெற்றி வாய்ப்பு’ என்று ஒரே எண் அச்சிட்டிருந்தாலும், அதில் எத்தனை பங்கு கையில் காசாக வராது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சாதாரண நாளில் ஒரு சீட்டின் மதிப்பு

ஆறும் பொருந்தியவருக்கான பெரும்பரிசு, அதாவது ஜாக்பாட், 5 லட்சம் டாலரில் தொடங்கும். சாதாரண நாளில் ஐந்து பொருந்தினால் 4,000 டாலர், நான்குக்கு 150, மூன்றுக்கு 5. ஒவ்வொரு பரிசையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் வருவது எதிர்பார்ப்பு மதிப்பு. ஐந்துக்கு 10 சென்ட், நான்குக்கு 19 சென்ட், மூன்றுக்கு 10 சென்ட்டுக்குச் சற்று மேல், ஆக 39.5 சென்ட். இலவசச் சீட்டை முழுதாக 2 டாலர் என்றே வைத்துக்கொண்டால் 29 சென்ட். ஜாக்பாட் 15 லட்சத்தில் நின்றால் அதற்கு 16 சென்ட். இவ்வளவு தாராளமாகக் கூட்டியும் 2 டாலர் சீட்டுக்கு 85 சென்ட்டுக்குள்தான். இந்த நாட்களில் சீட்டு வாங்கியவர், எந்த எண்ணைப் போட்டிருந்தாலும், ஒவ்வொரு சீட்டிலும் சராசரியாக ஒரு டாலருக்கு மேல் இழந்தார்.

எதிர்பார்ப்பு மதிப்பு என்பது அடுத்த சீட்டில் வரப்போகும் தொகை அல்ல. 84 சென்ட் பரிசு என்று எதுவும் இல்லை. பல்லாயிரம் சீட்டுகளில் ஒரு சீட்டுக்குச் சராசரியாகத் திரும்புவது என்று மட்டுமே அதற்குப் பொருள். இந்தச் சராசரி எவ்வளவு தாமதமாக வந்து சேரும் என்பது கீழே வருகிறது. அனுபவமுள்ளவர்கள்கூட வழுக்கி விழும் இடம் அது.

ஜாக்பாட் கீழிறங்கும் நாள்

இந்த விளையாட்டின் தனிவிதி ‘ரோல் டவுன்’. ஜாக்பாட் 20 லட்சம் டாலரைத் தொட்டும் அன்றைய குலுக்கலில் யாருக்கும் ஆறு எண் பொருந்தவில்லை என்றால், சேர்ந்திருந்த பணம் கீழ்மட்டப் பரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். ஜாக்பாட் மறுபடி 5 லட்சத்துக்குத் திரும்பும். ஒரு குலுக்கலுக்குச் சில லட்சம் சீட்டுகளே விற்றதால் 93 லட்சத்துக்கு ஒன்று என்ற ஜாக்பாட் அபூர்வமாகத்தான் யாருக்காவது விழுந்தது. அதனால் பணம் கீழே இறங்குவது ஆண்டுக்குப் பல முறை நடக்கும் காரியமாயிற்று.

2005 பிப்ரவரி 7, திங்கள்கிழமை. ஜாக்பாட் கிட்டத்தட்ட 30 லட்சம். சுமார் 4,70,000 சீட்டுகள் விற்றிருந்தன. ஆறு எண் யாருக்கும் பொருந்தவில்லை. ஐந்து பொருந்தியவர்களுக்கு 50,000 டாலர், நான்குக்கு 2,385, மூன்றுக்கு 60.

அதே பெருக்கலைச் செய்வோம்:

50,000 ÷ 39,028 = 1.28
2,385 ÷ 800.6 = 2.98
60 ÷ 47.4 = 1.27

மொத்தம் 5.53 டாலர். விலை 2 டாலர். நான்கு எண் பொருந்தும் வாய்ப்பு அன்றும் 801-க்கு ஒன்றுதான். அதற்கு முந்தைய வியாழனிலும் அதேதான். 150 டாலர் 2,385 ஆனது மட்டுமே வித்தியாசம்.

இதில் ஒரு திருத்தம் உண்டு. யாராவது ஜாக்பாட் அடித்துவிட்டால் கீழிறங்க எதுவும் மிஞ்சாது. 4,70,000 சீட்டுகளில் ஒன்றுக்காவது ஆறும் பொருந்தும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். அதைக் கழித்தால் 5.53 என்பது 5.27 அளவுக்கு இறங்கும். ஆனால் ஜாக்பாட் அடிப்பவர் நாமாகவும் இருக்கலாம் அல்லவா? அதற்கு 30 லட்சத்தை 93.67 லட்சத்தால் வகுத்தால் 32 சென்ட். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன.

இன்னொரு நடைமுறைச் சிக்கலை இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 2,385 என்ற தொகை குலுக்கல் முடிந்த பிறகுதான் தெரியும். பிரியும் பணம் ஏறக்குறைய நிலையானது. எத்தனை பேர் பங்குக்கு வருவார்கள் என்பது சீட்டு விற்பனையைப் பொறுத்தது. அன்று கீழ்ப்பரிசுகளுக்குப் போனது சுமார் 26 லட்சம் டாலர். அதே பணம் 13 லட்சம் சீட்டுகளுக்குப் பிரிந்தால் ஒரு சீட்டுக்கு 2 டாலர், அதாவது லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. (கூடுதல் விற்பனையில் ஒரு பகுதியும் பரிசுக்கே வருவதால் உண்மையான எல்லை இதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும்.) ஆகவே வாங்குகிறவர் மதிப்பிட வேண்டியது எண்களை அல்ல, மற்றவர்கள் எத்தனை சீட்டு வாங்குவார்கள் என்பதை. தாம் வாங்கும் சீட்டுகளும் அந்தத் தொகையைக் கரைக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

500 சீட்டும் 20,000 சீட்டும்

போட்ட பணத்தைப் போல் 2.76 மடங்கு சராசரியாகத் திரும்பும் பந்தயம். கடன் வாங்கியாவது போட்டுவிடலாம் என்று தோன்றும். 1,000 டாலருக்கு 500 சீட்டு வாங்கியவருக்கு, அதே பரிசுத் தொகைகளில், என்ன நடந்திருக்கும்?

மூன்று பொருந்தும் சீட்டுகள் சராசரியாக 10 அல்லது 11; சுமார் 630 டாலர். நான்கு பொருந்துவது சராசரியாக 0.62 சீட்டு. முழுச் சீட்டு ஒன்று கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஒன்றுகூடக் கிடைக்காத வாய்ப்பு 53.5 சதவீதம். ஐந்து பொருந்தாத வாய்ப்பு 98.7 சதவீதம். இரண்டும் கைவிட்டால், மூன்று பொருந்திய சீட்டுகளாலேயே முதலை எடுக்க 17 சீட்டு வேண்டும். அது நூற்றுக்கு நான்கு தடவைதான் நடக்கும். எல்லாவற்றையும் சேர்த்தால் இவர் நஷ்டப்படும் வாய்ப்பு சுமார் 51 சதவீதம்.

சராசரியில் 1,765 டாலர் லாபம் தரும் பந்தயத்தில், பாதிக்கு மேற்பட்ட தடவை நஷ்டம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. லாபத்தின் பெரும்பங்கு நான்கு பொருந்தும் பரிசில் இருக்கிறது. அது 801 சீட்டுக்கு ஒன்று. அந்த எண்ணைவிடக் குறைவாகச் சீட்டு வைத்திருப்பவருக்குச் சராசரி என்பது காகிதத்தில் உள்ள கணக்கு மட்டுமே.

20,000 சீட்டு, அதாவது 40,000 டாலர் போட்டவருக்கு நான்கு பொருந்தும் சீட்டுகள் சராசரியாக 25. ஏறக்குறைய 5 கூடலாம், குறையலாம். மூன்று பொருந்துவது 420 சுற்றி. ஐந்து பொருந்தவே இல்லை என்று வைத்தாலும் வரவு 85,000 டாலர் அளவில். முதல் திரும்பாமல் போக வேண்டுமானால் நான்கு பொருந்தும் சீட்டுகள் 25-க்குப் பதில் 6-க்கு இறங்க வேண்டும். அதற்கான வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. மிஞ்சும் ஒரே பெரிய ஆபத்து, யாராவது ஜாக்பாட் அடித்துவிடும் அந்த 5 சதவீதம். அது எத்தனை சீட்டு வாங்கினாலும் குறையாது. அதைத் தாங்க, ஒரு குலுக்கலில் முழு முதலையும் இறக்காமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குழுக்களாகச் சேர்ந்து விளையாடியதற்குக் காரணம் இதுதான். கூட்டுப் பணம் ஒரு சீட்டின் சராசரி வருமானத்தை ஒரு சென்ட்கூட உயர்த்தவில்லை. அந்தச் சராசரி கைக்கு வந்து சேரும் உறுதியைத்தான் உயர்த்தியது. சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட் மேசைக்கு எதிராக நூறு பேர் சேர்ந்து பணம் போட்டாலும் அதே விளைவுதான். ஆனால் அங்கே உறுதியாவது நஷ்டம்.

கையால் நிரப்பிய சீட்டுகள்

மிச்சிகன் தம்பதி இயந்திரமே எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பயன்படுத்தினார்கள். எம்.ஐ.டி. குழு லட்சக்கணக்கான எண் தொகுப்புகளைப் படிவங்களில் கையாலேயே நிரப்பியது. எல்லாத் தொகுப்புக்கும் வாய்ப்பு ஒன்றுதான் என்றால் இந்த உழைப்பு எதற்கு?

சின்ன உதாரணம்: 6 எண்களில் 2 எடுக்கும் விளையாட்டு. மூன்று சீட்டுகளை 1-2, 3-4, 5-6 என்று பரப்பி வாங்கலாம். 1-2, 1-3, 1-4 என்று நெருக்கியும் வாங்கலாம். பரப்பியவருக்கு எந்த இரண்டு எண் விழுந்தாலும் ஒன்று முழுப் பரிசு, இல்லையேல் சரியாக இரண்டு சீட்டில் ஓர் எண் பொருத்தம். வெறுங்கை என்பதே இல்லை. நெருக்கியவருக்கு 5-6 விழுந்தால் ஒன்றுமில்லை; 1-5 விழுந்தால் மூன்று சீட்டிலும் பொருத்தம். சாத்தியமான 15 குலுக்கல்களையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஓர் எண் பொருத்தங்கள் இருவருக்கும் மொத்தம் 24. சராசரியில் வித்தியாசமே இல்லை, ஏற்ற இறக்கத்தில்தான் வித்தியாசம்.

46 எண்களில் இதையே பெரிய அளவில் செய்யலாம். இயந்திரம் தரும் எண்களில் சில தொகுப்புகள் இரட்டிப்பாகும், சில எண் கூட்டணிகள் திரும்பத் திரும்ப வரும். ஒழுங்காகப் பரப்பினால் நான்கு பொருந்தும் சீட்டுகளின் எண்ணிக்கை சராசரியை ஒட்டியே விழும். ஆனால் தம்பதியின் அளவுக்குச் சீட்டு வாங்கும்போது எண்ணிக்கையே ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் அடக்கிவிடுகிறது. கை வலிக்க நிரப்பியதால் கிடைத்த கூடுதல் பலன் சிறிதுதான் என்பது நம் மதிப்பீடு.

எண் தேர்வுக்கு உண்மையிலேயே பண மதிப்பு உள்ள இடம் ஒன்று உண்டு. பங்கிடும் பரிசுகளில் கூட்டாளிகள் குறைவாக இருப்பது நல்லது. பிறந்தநாள் எண்களைப் போடுபவர்களால் 1 முதல் 31 வரை கூட்டம் அதிகம். 31-க்கு மேற்பட்ட எண்களைப் போடுவது ஜெயிக்கும் வாய்ப்பைக் கூட்டாது. விழுந்தால் பங்குக்கு வருவோரைக் குறைக்கும்.

கணக்கில் எளிதில் விடுபடுவது வேலைச் செலவு. கடை இயந்திரத்தில் சீட்டு அச்சிட மணிக்கணக்காகும். லட்சம் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்க நாள்கணக்காகும். விழாத சீட்டுகளையும் பெட்டி பெட்டியாகச் சேமிக்க வேண்டும். வருமான வரியில் வெற்றிக்கு எதிராகத் தோல்வியைக் கழிக்க அவைதான் சான்று.

2010 ஆகஸ்ட்

ஜாக்பாட் 20 லட்சத்தை நெருங்கும்போது லாட்டரித் துறை அறிவிப்பு வெளியிடும், எல்லாக் குழுக்களும் வாங்கக் குவியும், பங்கு கரையும். 2010 ஆகஸ்ட் 12 குலுக்கலுக்குப் பின் ஜாக்பாட் 15.9 லட்சத்தில் நின்றது. அடுத்த குலுக்கலில் அது 20 லட்சத்தைத் தொடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அறிவிப்பும் இல்லை. எம்.ஐ.டி. குழு சத்தமில்லாமல் சுமார் 7 லட்சம் சீட்டு, 14 லட்சம் டாலருக்கு, வாங்கியது. அந்த விற்பனையே ஜாக்பாட்டை எல்லைக்கு மேல் தள்ளியது. ஆகஸ்ட் 16 குலுக்கலில் பணம் கீழிறங்கியது. பங்குக்கு மற்றக் குழுக்கள் இல்லை. லாபம் சுமார் 7 லட்சம் டாலர்.

7 லட்சம் சீட்டுகளில் ஜாக்பாட் விழும் வாய்ப்பு 7 சதவீதத்துக்கு மேல். வழக்கமாக அது ஆபத்து. ஆனால் அன்று பெரும்பாலான சீட்டுகள் குழுவின் கையிலேயே இருந்ததால் ஜாக்பாட் விழுந்தாலும் பெரும்பாலும் அவர்களுக்கேதான் விழுந்திருக்கும்.

யாருடைய பணம்?

2011 ஜூலை இறுதியில் பாஸ்டன் குளோப் நாளிதழ் இதை வெளியிட்டது. ஒரு கடை ஒரு நாளைக்கு 5,000 டாலருக்கு மேல் இந்தச் சீட்டை விற்கக் கூடாது என்று துறை கட்டுப்பாடு போட்டது. சில மாதங்களில் விளையாட்டே நிறுத்தப்பட்டது. 2012 ஜூலையில் மாநிலத் தலைமை ஆய்வாளர் கிரெகரி சல்லிவன் அளித்த அறிக்கை, பெருமளவு வாங்கியவர்களால் மற்றவர்களின் வெற்றி வாய்ப்பு பாதிக்கப்படவில்லை என்றது. மாநிலத்துக்கும் நஷ்டமில்லை, ஒவ்வொரு 2 டாலரிலும் 80 சென்ட் அதற்கு முதலிலேயே போய்விடும். மொத்தத்தில் சுமார் 12 கோடி டாலர் கிடைத்தது.

வாய்ப்பைப் பொறுத்தவரை அறிக்கை சொன்னது சரி. ஆனால் லாபப் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். எல்லாக் குலுக்கல்களையும் சேர்த்தால் போட்ட பணத்தில் நூற்றுக்கு 60 தான் பரிசாகத் திரும்பியது. கீழிறங்கும் நாளில் 2 டாலர் சீட்டு 5 டாலரானது, மற்ற நாட்களில் அதே சீட்டு 85 சென்ட்டுக்குள் கிடந்ததால்தான். சாதாரண நாளில் ஜாக்பாட் கனவோடு வாங்கியவர்கள் சேர்த்த தொகையை, அது பிரியும் நாளில் வேறொருவர் வந்து எடுத்தார். அவர்களுடைய வாய்ப்பை யாரும் தொடவில்லை. அவர்கள் கொடுத்த விலைதான் அதிகம்.

இதே உரைகல்லில் மற்றப் பந்தயங்கள்

ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டில் (1 முதல் 36 வரை, கூடவே ஒரு 0) சிவப்புக்கு வாய்ப்பு 37-க்கு 18. பந்தயத்துக்குச் சமத் தொகை தருவார்கள். ஒரு தனி எண்ணுக்கு 37-க்கு 1. 35 மடங்கு தருவார்கள். இரண்டிலும் இழப்பு 2.7 சதவீதம். இரட்டைப் பூஜ்யம் உள்ள மேசையில் 5.26. தோற்றால் இரட்டிப்பாக்கும் முறையும் இதை மாற்றாது. 1-இல் தொடங்கி, இரட்டிப்பாக்கிக்கொண்டே பத்து முறை பந்தயம் போட 1,023 வேண்டும். ஒற்றைப் பூஜ்ய மேசையில் பத்தும் தோற்கும் வாய்ப்பு 784-க்கு ஒன்று. 783 தடவை 1 வீதம் ஜெயித்து, ஒரு தடவை 1,023 போகும். நிகர நஷ்டம் 240. விளையாட்டுப் பந்தயத்தில் இரு அணிக்கும் 1.90 என்று விலை போட்டிருந்தால் (ஜெயித்தால் 1-க்கு 1.90 திரும்பும்), 1-ஐ 1.90-ஆல் வகுத்தால் 52.63 சதவீதம், இரண்டும் சேர்ந்து 105.26. அந்த 105.26-இல் நூற்றுக்கு மேற்பட்ட 5.26 நடத்துபவரின் பங்கு. நீங்கள் தேர்ந்த அணி ஜெயிக்கும் வாய்ப்பு 52.63-ஐத் தாண்டினால்தான் அந்தப் பந்தயம் முதலைக் காக்கும். இங்கேயெல்லாம் பணம் கீழிறங்கும் நாள் கிடையாது.

வாய்ப்பு முழுதாகக் கையில் இருந்தும் விலை சரியில்லாத நிகழ்வும் உண்டு. பிரிட்டனின் லாட்டோவில் 59 எண்களில் 6. சீட்டு 2 பவுண்டு. இரண்டு எண் பொருந்தினால் ஓர் இலவசச் சீட்டு. எந்த எண்கள் விழுந்தாலும் குறைந்தது ஒரு சீட்டில் இரண்டு எண் நிச்சயம் பொருந்தும்படி 27 சீட்டுகளை அமைக்க முடியும் என்று மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் இருவர் 2023-இல் நிரூபித்தார்கள். அந்த 27-ஐ 54 பவுண்டு கொடுத்து வாங்கியும் பார்த்தார்கள். ஜூலை 1 குலுக்கலில் மூன்று சீட்டுகளில் இரண்டு எண் பொருந்தியது. கிடைத்தது மூன்று இலவசச் சீட்டு. விலைப்படி 6 பவுண்டு.